தவறு செய்து பழக ஒரு கணிப்பொறி வலை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காலை பத்தரை மணியளவில் கூடத்திலிருந்த கணிப்பொறிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. மின்சாரம் இருந்தது, திரைகள் ஒளிர்ந்தன, ஆனால் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு ஓர் எழுத்துகூடப் போகவில்லை. அலுவலகத்திலும் நூலகத்திலும் இதே நிலை. தேர்வு நின்றது. பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் காரணம் அகப்பட்டது. மேசைக்கடியில் ஒரு கம்பியின் முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கழன்றுவிட்டது போலும் என்று எண்ணிய முதலாண்டு மாணவன் ஒருவன், அருகிலிருந்த பெட்டியின் காலித் துளையில் அதைச் செருகிவிட்டான். அந்தக் கம்பியின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது.

"சும்மா கெடந்த ஒயரைத்தானுங்க சார் சொருகினேன்" என்றான் அவன். கண்கள் கலங்கியிருந்தன. அந்த ஆண்டு முழுவதும் அவன் எந்தக் கம்பியையும் தொடவில்லை.

நல்லெண்ணத்தோடு செருகிய ஒரே ஒரு கம்பி ஒரு கல்லூரியையே நிறுத்திவிடுவது எப்படி? இது அறிவியல் கேள்வி. இன்னொரு கேள்வியும் உண்டு. வேதியியல் கூடத்தில் சோதனைக் குழாய் உடைந்தால் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். இயற்பியல் கூடத்தில் ஃபியூஸ் போனால் மாற்றிக்கொள்ளலாம். பலரும் சார்ந்திருக்கும் கணிப்பொறி வலையில் மாணவன் தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது?

இடம் இருக்கிறது. ஒரு சாதாரண மடிக்கணினிக்குள்ளேயே பல கணிப்பொறிகளும் சுவிட்சுகளும் கம்பிகளும் கொண்ட முழு வலையை அமைத்து, வேண்டுமட்டும் கெடுத்துப் பார்த்து, மறுபடியும் புதிதாக்கிக்கொள்ளலாம். 'மினிநெட்' என்னும் இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அமைந்த பாடத்திட்டத்தில் 'மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு' என்ற விருப்பப் பாடம் ஒன்று உண்டு. அதன் செய்முறைப் பயிற்சிகளில் முதலாவது இத்தகைய ஆய்வுக்கூடத்தை மாணவரே தம் கணிப்பொறியில் நிறுவிக்கொள்வதுதான். பொறியியல் மாணவரல்லாதாரும் இதைச் செய்யலாம். எவ்வாறு என்பதைக் காண்போம்.

காந்திபுரத்துச் சந்திப்பில் நிற்பவர் யார்?

முதலில் 'மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு' என்றால் என்ன என்று பார்ப்போம். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். விளக்குச் சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணிப்பொறிகள் அனுப்பும் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகின்றன. எந்தப் பொட்டலத்தை எந்தத் துளை வழியாக அனுப்புவது என்று தீர்மானித்து அனுப்புவதே சுவிட்சின் வேலை.

இதில் இரண்டு வேலைகள் கலந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று தீர்மானிப்பது, மற்றொன்று அனுப்புவது. முன்னது மூளையின் வேலை. பின்னது கையின் வேலை. பழைய முறையில் ஒவ்வொரு பெட்டியிலும் மூளையும் கையும் சேர்ந்தே இருந்தன.

கோவை காந்திபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நஞ்சப்பா சாலையிலும் கிராஸ் கட் சாலையிலும் சத்தி சாலையிலும் நூறடிச் சாலையிலும் பேருந்துகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு காவலர் நிற்பதாகக் கொள்வோம். அவருக்குத் தம் சந்திப்பு மட்டுமே தெரியும். அடுத்த சந்திப்பில் என்ன நெரிசல் என்பதை அங்கு நிற்பவர் சொல்லியனுப்பினால்தான் அறிவார். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு அவரவர் தனித்தனியே முடிவு செய்கிறார்கள். இது பழைய வலை.

இப்போது வேறொரு ஏற்பாடு. நகரம் முழுவதையும் வரைபடத்தில் பார்க்கும் கட்டுப்பாட்டு அறை ஒன்று இருக்கிறது. சந்திப்பில் நிற்பவர் கையில் ஒரு பட்டியல் மட்டும் உண்டு: 'உக்கடம் செல்லும் வண்டி இடப்பக்கம், மேட்டுப்பாளையம் செல்லும் வண்டி வலப்பக்கம்.' பட்டியலில் இல்லாத வண்டி வந்தால் கட்டுப்பாட்டு அறையைக் கேட்கிறார். விடை வந்ததும் அதைப் பட்டியலில் எழுதிக்கொள்கிறார். அதே வகை வண்டி அடுத்த முறை வந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதுவே மென்பொருள் வரையறுத்த வலையமைப்பின் சாரம். கட்டுப்பாட்டு அறைக்குக் 'கன்ட்ரோலர்' என்று பெயர். அது ஒரு மென்பொருள். பட்டியலுக்கு 'ஓட்ட அட்டவணை' என்று பெயர். சுவிட்சும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் மொழிகளில் புகழ்பெற்றது 'ஓபன்ஃப்ளோ'. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் மெக்கியோன் முதலானோர் 2008-ஆம் ஆண்டில் இதை முன்வைத்தனர். ஆய்வாளர்களும் மாணவர்களும் தம் கல்லூரி வலையிலேயே புதிய கருத்துகளைச் சோதிக்க இயலவேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. பெட்டிகளின் மூளை உற்பத்தியாளரின் கையில் பூட்டிக் கிடந்தவரை அது இயலாமல் இருந்தது.

பூண்டியில் ஓடும் நீர்

கருத்து தோன்றிவிட்டது, சோதிக்க வலை வேண்டுமே! பத்துப் பெட்டிகள் வாங்கவே கல்லூரியின் ஆண்டு நிதி போதாது. இந்நிலையில் பாப் லான்ட்ஸ், பிராண்டன் ஹெல்லர், நிக் மெக்கியோன் ஆகிய மூவர் 2010-ஆம் ஆண்டில் மினிநெட்டை ஓர் ஆய்வுக் கட்டுரையின் வாயிலாக அறிமுகப்படுத்தினர். மடிக்கணினி ஒன்றுக்குள் ஒரு வலையமைப்பு என்பதே அதன் பொருள்.

இது வெறும் கணக்கன்று. திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் தமிழக அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே அணைகளுக்கும் மதகுகளுக்கும் சிறு மாதிரிகள் கட்டி, அவற்றில் உண்மையான நீரை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அணை சிறிது, நீர் மெய். காகிதத்தில் சமன்பாடு எழுதி நீரோட்டத்தைக் கணிப்பது வேறு, இது வேறு. கணிப்பொறி உலகில் முன்னதைச் 'சிமுலேட்டர்' என்றும் பின்னதை 'எமுலேட்டர்' என்றும் வழங்குவர். மினிநெட் எமுலேட்டர் வகையைச் சேர்ந்தது. அதற்குள் உள்ள கணிப்பொறிகள் சிறியவை. ஆனால் ஓடும் பொட்டலங்கள் மெய்யானவை. வெளியுலக வலையில் இயங்கும் அதே நிரல்களே இதற்குள்ளும் இயங்குகின்றன. ஆகவே இங்கு எழுதிச் சோதித்த கன்ட்ரோலரைப் பெரும்பாலும் மாற்றமின்றி உண்மையான சுவிட்சுகளுக்குக் கொண்டுபோகலாம்.

தனி வீடும் வளவும்

மினிநெட் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் மேல்தான் இயங்கும். நம்மில் பலரிடம் இருப்பதோ விண்டோஸ். இதற்குத் தீர்வு 'வர்ச்சுவல் மெஷின்', அதாவது மெய்நிகர் கணிப்பொறி. ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணிப்பொறி அது. தனி நினைவகம், தனி வட்டு, தனி இயக்க அமைப்பு எல்லாம் அதற்கு உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டமைப்பு ஒன்றால் இதை எளிதில் விளக்கலாம். பெரிய தோட்டத்துக்குள் தனியாக ஒரு வீடு கட்டி, அதற்கெனத் தனிக் கிணறும் வெட்டிக் கொடுத்தால் அது மெய்நிகர் கணிப்பொறி. அந்த வீட்டுக்குள் தீப்பிடித்தாலும் தோட்டத்து வீட்டுக்குக் கேடில்லை.

அந்த வீட்டையே வளவாகப் பிரித்து, வரிசையாகச் சிறு குடித்தனங்களை வைத்தால் அதுவே மினிநெட். குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிக் கதவிலக்கம். ஆனால் கிணறு ஒன்றே. கிணறு என்பது லினக்ஸின் கெர்னல், அதாவது உட்கரு. குடித்தனங்கள்தாம் வலையிலுள்ள கணிப்பொறிகள். லினக்ஸ் தன் உட்கருவை ஒன்றாக வைத்துக்கொண்டே, வலை முகவரிகளையும் இணைப்புகளையும் மட்டும் தனித்தனி அறைகளாகப் பிரித்துத் தரவல்லது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிக் கிணறு வெட்டாததால்தான் ஒரே மடிக்கணினியில் பத்து, ஐம்பது என்று கணிப்பொறிகளை வைக்க முடிகிறது. ஆனால் பொதுவானவை பொதுவானவையே. ஒரு குடித்தனத்தில் எழுதிய கோப்பு அடுத்த குடித்தனத்திலும் தெரியும். இதைக் கண்டு புதியவர்கள் திகைப்பதுண்டு.

நிறுவும் முறை

இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியும், 4 ஜிபி நினைவகமும், வட்டில் 10 ஜிபி காலி இடமும் உள்ள கணிப்பொறி போதும். பழைய கணிப்பொறிக் கடையில் வாங்கியதானாலும் சரி.

முதற்படி: 'வர்ச்சுவல்பாக்ஸ்' என்னும் இலவச மென்பொருளை நிறுவுங்கள். மெய்நிகர் கணிப்பொறியை உண்டாக்கித் தருவது இதுவே.

இரண்டாம் படி: மினிநெட் திட்டத்தினர் லினக்ஸும் மினிநெட்டும் ஏற்கெனவே பதிந்த முழு மெய்நிகர் கணிப்பொறி ஒன்றைப் பொதி செய்து வழங்குகிறார்கள். அதை இறக்கி, பொதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வர்ச்சுவல்பாக்சின் 'ஃபைல்' பட்டியலில் 'இம்போர்ட் அப்ளையன்ஸ்' என்பதைத் தேர்ந்து, அந்தக் கோப்பைக் காட்டுங்கள். மெய்நிகர் கணிப்பொறிக்கு 1 ஜிபி நினைவகம் ஒதுக்கினால் தொடக்கத்துக்குப் போதுமானது. வலை இணைப்பு வகையில் 'நேட்' என்பதே இருக்கட்டும். 'பிரிட்ஜ்டு' என்பதைத் தேர்ந்தால் நம் மெய்நிகர் கணிப்பொறி கல்லூரியின் உண்மை வலையிலேயே ஓர் உறுப்பாகிவிடும். தவறு செய்யப் போகிறவருக்கு அது ஆகாது.

நான்காம் படி: இயக்குங்கள். படங்களோ அம்புக்குறியோ இல்லாத கறுப்புத் திரை தோன்றும், அஞ்ச வேண்டாம். பயனர் பெயர் மினிநெட், கடவுச்சொல்லும் மினிநெட். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்பே.

பலர் இடறி விழும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் கணிப்பொறிகளுக்கெனச் செயலிக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. இன்டெல் செயலிகளில் அதற்கு 'விடி-எக்ஸ்' என்றும், ஏஎம்டி செயலிகளில் 'ஏஎம்டி-வி' என்றும் பெயர். சில கணிப்பொறிகளில் இது அணைக்கப்பட்டிருக்கும்; மெய்நிகர் கணிப்பொறி புறப்படாமல் பிழைச்செய்தி காட்டும். கணிப்பொறி தொடங்கும்போதே பயாஸ் அமைப்புக்குள் சென்று அதை இயக்கிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இயங்கியதும் வர்ச்சுவல்பாக்சில் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வையுங்கள். அந்த நொடியில் மெய்நிகர் கணிப்பொறி இருந்த நிலை அப்படியே பதிவாகிவிடும். பின்னர் எவ்வளவு கெட்டாலும் ஒரு சொடுக்கில் அந்த நிலைக்குத் திரும்பலாம். நம் ஆய்வுக்கூடத்தின் ஃபியூஸ் இதுதான்.

முதற் பொட்டலம் ஏன் தாமதிக்கிறது?

இனிச் சோதனை. கட்டளைகளை அவை ஒலிக்கும்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டவேண்டும். 'எம்என்' என்பது மினிநெட்டின் சுருக்கம். அதற்கு முன் வரும் 'சூடோ' நிர்வாகியின் அதிகாரத்தைத் தருவது.

சூடோ எம்என்

இவ்வளவே. ஒரு கன்ட்ரோலர், ஒரு சுவிட்ச், இரண்டு கணிப்பொறிகள் கொண்ட வலை சில நொடிகளில் பிறந்துவிடும். கணிப்பொறிகளின் பெயர்கள் எச்1, எச்2, முகவரிகள் 10.0.0.1, 10.0.0.2. இப்போது முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஐந்து முறை குரல் கொடுத்துப் பார்ப்போம். இதற்குப் 'பிங்' என்று பெயர். குரல் போய் எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அது காட்டும்.

எச்1 பிங் -சி 5 எச்2

விடையை உற்றுப் பாருங்கள். முதற் பிங்குக்குச் சில மில்லிநொடி ஆகியிருக்கும். அடுத்த நான்குக்கும் பெரும்பாலும் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கம்பி அதே, தொலைவு அதே, ஏன் இந்த வேறுபாடு?

காந்திபுரத்துச் சந்திப்பை நினைவுகூருங்கள். முதற் பொட்டலம் வந்தபோது சுவிட்சின் அட்டவணை வெறுமையாக இருந்தது. சுவிட்ச் கன்ட்ரோலரைக் கேட்டது, கன்ட்ரோலர் விடை சொன்னது, சுவிட்ச் எழுதிக்கொண்டது. அடுத்து வந்தவை கேளாமலேயே சென்றுவிட்டன. மூளை வேறு, கை வேறு என்று படித்தோமே, அது இந்தச் சில மில்லிநொடியாகக் கண்முன் நிற்கிறது.

நாலு பத்து நாற்பது

அளந்து சரிபார்க்காத சோதனை நிறைவடைவதில்லை. 'எக்சிட்' என்று தட்டி வெளியே வந்து, ஒவ்வொரு கம்பிக்கும் 10 மில்லிநொடித் தாமதமும், நொடிக்கு 10 மெகாபிட் கொள்ளளவும் வைத்து வலையை மறுபடியும் உண்டாக்குவோம்.

சூடோ எம்என் --லிங்க் டிசி,பிடபிள்யூ=10,டிலே=10எம்எஸ்

பிங் செய்யுமுன் விடையைக் கணியுங்கள். எச்1-இலிருந்து சுவிட்சுக்கு 10. சுவிட்சிலிருந்து எச்2-க்கு 10. திரும்பும்போது மறுபடியும் 10, 10. ஆக 40 மில்லிநொடி. இரண்டாம் பிங் முதல் ஏறத்தாழ இந்த எண்ணையே காண்பீர்கள். முதற் பிங் மட்டும் 80-ஐத் தாண்டியிருக்கும். 40 ஏன் இரட்டித்தது? பொட்டலத்தை அனுப்புமுன் எச்1 "10.0.0.2 என்னும் முகவரிக்குரியவர் யார்?" என்று வலை முழுவதும் கூவி விசாரிக்கிறது. விசாரிப்பு போய் விடை வர 40 மில்லிநொடி. அதன்பின் உண்மைப் பொட்டலம் போய்வர 40 மில்லிநொடி. மேற்கொண்டு ஆவது கன்ட்ரோலரைக் கேட்ட நேரம்.

'வலை முழுவதும் கூவி விசாரிக்கிறது' என்றேனே, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று தேர்வு நின்றதற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது.

உளுந்து வடையும் புயலும்

கூவி விசாரிக்கும் பொட்டலத்தைச் சுவிட்ச் என்ன செய்யும்? வந்த துளையைத் தவிர மற்றத் துளைகள் அனைத்திலும் ஒவ்வொரு படியை அனுப்பும். கிளைகள் மட்டும் உள்ள மரம் போன்ற வலையில் இதனால் தீங்கில்லை. படிகள் நுனிகளை அடைந்ததும் முடிந்துவிடும். வலையில் எங்காவது ஒரு சுற்று இருந்தால், படிகள் அதில் சுழன்று புறப்பட்ட சுவிட்சுக்கே திரும்பும். அது அவற்றைப் புதியவை என்றெண்ணி மறுபடியும் படியெடுத்து அனுப்பும். வலைகளைக் கடந்து செல்லும் பொட்டலங்களில் 'இத்தனை தாவலுக்குப் பின் அழிந்துவிடு' என்ற எண் ஒன்று உண்டு. ஒரே வலைக்குள் சுவிட்சுகள் கையாளும் ஈதர்நெட் உறையில் அத்தகைய எண் கிடையாது. ஆகவே படிகள் சாவதில்லை, பெருகுகின்றன. இதற்கு ஒலிபரப்புப் புயல் என்று பெயர். ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகினால் உண்டாவது மிகச் சிறிய சுற்று. அந்த மாணவன் அறியாமல் உண்டாக்கியது அதுதான்.

இதை இப்போது வேண்டுமென்றே செய்வோம். மினிநெட்டில் 'டோரஸ்' என்றொரு ஆயத்த வடிவம் உண்டு. டோரஸ் என்பது உளுந்து வடையின் வடிவமே. மூன்றுக்கு மூன்றாக 9 சுவிட்சுகள். வரிசையின் கடைசிச் சுவிட்ச் முதற் சுவிட்சோடு சேர்ந்து வளைகிறது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் நான்கு அண்டை. ஒவ்வொன்றிலும் ஒரு கணிப்பொறி. சுவிட்சுகளுக்கிடையே 18 கம்பிகள். எங்கு பார்த்தாலும் சுற்று!

சூடோ எம்என் --டோப்போ டோரஸ்,3,3 --சுவிட்ச் ஓவிஎஸ்பிஆர்

இதில் கன்ட்ரோலர் இல்லை. பழைய முறைச் சுவிட்சுகளே உள்ளன. 'பிங்ஆல்' என்று தட்டினால் ஒவ்வொரு கணிப்பொறியும் மற்ற எட்டையும் அழைக்க முயலும்; மொத்தம் 72 அழைப்புகள். அவை தடுமாறுவதையும் தவறிப்போவதையும் காண்பீர்கள். கணிப்பொறியின் விசிறி இரையத் தொடங்கும். தட்டும் எழுத்துத் திரையில் தோன்றவே நேரமாகும். காரணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கூவலுக்கு முதலில் 4 படி. அண்டைச் சுவிட்சை அடையும் ஒவ்வொரு படியும் 3 படியாகிறது. 4, 12, 36, 108 என்று போய்ப் பத்தாம் தாவலில் 78,732. கம்பியும் செயலியும் திணறும்வரை இது ஓயாது. உண்மைக் கல்லூரி வலையில் இதற்கு அரைநாள் ஆயிற்று. இங்கே 'எக்சிட்' போதும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்னாப்ஷாட் இருக்கிறது. மீந்த குப்பையைக் கூட்ட 'சூடோ எம்என் -சி' என்று தட்டுங்கள்.

மருந்து புதிதன்று. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி 1985-ஆம் ஆண்டில் ஒரு முறையைக் கண்டார். சுவிட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, சுற்றில்லாத ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, மற்றக் கம்பிகளை அடைத்துவைக்கும். இதற்கு 'ஸ்பானிங் ட்ரீ' என்று பெயர். மேற்சொன்ன கட்டளையின் இறுதியில் இடைவெளியின்றி ',எஸ்டிபி=1' என்று சேர்த்து மறுபடியும் இயக்குங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். ஏனெனில் ஒவ்வொரு துளையும் திறக்குமுன் 15 நொடி கவனித்து, 15 நொடி கற்றுக்கொள்கிறது. பிறகு 'பிங்ஆல்' தாருங்கள். 72 அழைப்புகளுக்கும் விடை வரும்.

வரைபடம் தந்த துணிவு

மருந்துக்கு விலை உண்டு. 9 சுவிட்சுகளை மரமாக இணைக்க 8 கம்பிகள் போதும். எனவே 18-இல் 10 கம்பிகள் சும்மா கிடக்கின்றன. வேறொன்று அறுந்தால்தான் அவற்றுக்கு வேலை. ஒவ்வொரு சுவிட்சும் அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டே ஊரை ஊகிப்பதால், அச்சத்தில் பாதிக்கு மேற்பட்ட வழிகளை மூடிவைக்க நேர்கிறது. அந்த ஊகமும் சில வேளை தவறும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பெரிய மருத்துவமனை ஒன்றில், இந்த மரம் காக்கத் தவறியதால் வலை பல நாட்கள் முடங்கியது. மருத்துவர்கள் காகிதத்துக்கும் எழுதுகோலுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று.

இங்குதான் கன்ட்ரோலரின் பயன் விளங்குகிறது. முழு வரைபடமும் அதன் கையில் உள்ளது. கூவலை ஒரே ஒரு மரத்தின் வழியே மட்டும் அனுப்பிவிட்டு, மற்றப் போக்குவரத்தை 18 கம்பிகளிலும் பகிர்ந்துவிட அதனால் முடியும். ஊரை அறியாதவனுக்கு ஆபத்தான சுற்று, வரைபடம் உள்ளவனுக்கு மாற்றுப் பாதை. கூகிள் நிறுவனம் தன் தரவு மையங்களை உலகளவில் இணைக்கும் 'பி4' என்னும் வலையைப் பற்றி 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குச் சான்று. பொதுவாக நெடுந்தொலைவு இணைப்புகளில் 30 முதல் 40 விழுக்காடே பயன்படுத்துவது வழக்கம்; மீதி, அறுபடும் காலத்துக்கென ஒதுக்கப்படும். மென்பொருளால் கட்டுப்படுத்தியதால் பல இணைப்புகளை ஏறத்தாழ 100 விழுக்காடு வரை பயன்படுத்த முடிந்தது என்று அக்கட்டுரை கூறியது.

ஒரே மூளை இருந்தால் அது மயங்கி விழும்போது என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கன்ட்ரோலர் நின்றால், அட்டவணையில் ஏற்கெனவே எழுதியவை காலாவதியாகும்வரை சுவிட்சுகள் வேலை செய்யும். புதியவற்றுக்கு விடை கிடைக்காது. அதனால் பெரிய வலைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோலர்களை வைக்கிறார்கள். இதையும் மினிநெட்டில் செய்து பார்க்கலாம்.

எதை நம்பக்கூடாது?

பூண்டியில் அணையை நூறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். நீரின் பாகுநிலையைச் சுருக்க முடியாது. ஆகவே மாதிரியில் அளந்த எல்லாவற்றையும் அப்படியே பெரிய அணைக்குப் பொருத்துவதில்லை. மினிநெட்டுக்கும் இத்தகைய எல்லை உண்டு. அதிலுள்ள எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே செயலியின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடிகாரமோ மெய்யான கடிகாரம். அதைத் தாமதமாக ஓடவைக்க இயலாது. 64 கணிப்பொறிகளை உண்டாக்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கத்தவிட்டால், நாம் அளப்பது வலையின் வேகத்தை அன்று, நம் மடிக்கணினியின் களைப்பையே. எந்தப் பொட்டலம் எவ்வழி சென்றது, சுற்று உண்டா, விதி சரியாக எழுதப்பட்டதா என்பவற்றில் மினிநெட்டை நம்பலாம். வேகத்தைப் பற்றிய எண்களைச் சிறிய வலைகளில், செயலிக்கு ஓய்வு இருக்கும்போது மட்டுமே நம்பவேண்டும். அளவியின் எல்லையை அறிந்து அளப்பது இயற்பியல் கூடத்தின் முதற் பாடம், இங்கும் அதுவே.

அந்த மாணவனை மறு ஆண்டில் என் மடிக்கணினியின் முன் அமர்த்தி, உளுந்து வடை வலையை இயக்கச் சொன்னேன். விசிறி இரைந்தது, எழுத்துகள் நின்றன. சற்று அஞ்சி என்னைப் பார்த்தான். "அழிக்கத்தானே உட்காந்திருக்கே, பயப்படாதே" என்றேன். மூன்று முறை புயலைக் கிளப்பினான். நான்காம் முறை தொடங்குமுன் ஒரு தாளில் 9 புள்ளிகள் வைத்துக் கோடுகள் இழுத்துக்கொண்டு கேட்டான்: "எந்தெந்த ஒயரைப் புடுங்குனா இது நிக்குமுங்க சார்?"

வாசகர்களுக்கும் இக்கேள்வியை விடுகிறேன். தாளில் வடிவத்தை வரைந்து, 18 கோடுகளில் எந்தப் பத்தை அழித்தால் சுற்றும் இராது, எந்தச் சுவிட்சும் துண்டிக்கப்படாது என்று கண்டுபிடியுங்கள். விடை ஒன்றன்று, பல. பிறகு ',எஸ்டிபி=1' இல்லாத வலையை இயக்கி, பிங் செய்யுமுன் அந்தப் பத்துக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக இறக்குங்கள். அதற்குக் கட்டளை 'லிங்க்' என்ற சொல், இரு சுவிட்சுகளின் பெயர்கள், 'டவுன்' என்ற சொல். வரிசையும் நிரையும் சேர்ந்து எஸ்1எக்ஸ்1, எஸ்1எக்ஸ்2 என்று சுவிட்சுகளுக்குப் பெயர். உங்கள் வரைபடம் சரியானால் 72 அழைப்புகளுக்கும் விடை வரும். தவறானால் விசிறி இரைந்து சொல்லிவிடும்.